தும்பியின் சிறகில் உப்பு

அதுவரை நான் எடுத்த தும்பிப் படங்கள் எல்லாம் மங்கலாகவே விழுந்தன. ஒன்றாவது உருப்படியாகக் கிடைக்காதா என்று ஏங்கினேன். அன்று விடியும்போது காரைக்கால்மேடு கடற்கரையில், காயப்போட்ட மீன்வலையில் ஒரு தும்பி தூங்கிக்கொண்டிருந்தது. மொபைலில், சின்னதைப் பெரிதாகக் காட்டும் மேக்ரோ லென்ஸை மாட்டிக் குனிந்தேன். வலைக்குச் சொந்தக்காரர் வந்து நின்றார்.

"தம்பி, வலைய எடுக்கணும்."

"ரெண்டு நிமிஷம்ண்ணே. தூங்குது."

"குடுத்து வச்சது. நான் இன்னும் தூங்கவே இல்ல" என்று மணலில் உட்கார்ந்துகொண்டார்.

திரையில் சிறகு மெல்லத் தெளிந்தது. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் துளித்துளி வானம். கடல் சத்தம்கூட எங்கோ விலகிப் போனது. படமெடுத்தேன்.

வீட்டில் அந்தப் படத்தின் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டியதும் சிறகெங்கும் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. தூசி என்று ஒவ்வொன்றாக அழித்தேன். பாதிச் சிறகு சுத்தமானபோது கடையில் தொங்கும் பிளாஸ்டிக் தும்பி போலாகிவிட்டது. மீதியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். புள்ளிகள் குட்டிக்குட்டிச் சதுரங்களாக மின்னின. உப்பு. கடல்காற்று இரவெல்லாம் தூவியது. அழித்ததையெல்லாம் திரும்பக் கொண்டுவந்தேன்.

மறுநாள் அந்த அண்ணனிடம் படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"இதுக்கும் உடம்பெல்லாம் உப்புதானா" என்று தன் முழங்கையைத் தடவிக்கொண்டார்.