பக்கத்து சீட்டுக்காரர்

பட்டப்பகலிலும் டார்ச் அடித்துப் பார்ப்பதால் அவருக்கு டார்ச்சுக்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் அவரைக் கையோடு அழைத்துப் போவார்கள். விற்கிறவர் வாயால் எவ்வளவு வேண்டுமானாலும் அளக்கலாம், டார்ச்சுக்காரர் அதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். பானெட்டுக்குள் தலையை விடுவார், ஸ்டெப்னி கிடக்கும் குழியில் துரு தேடுவார், தரையில் மல்லாந்து படுத்து அடிப்பாகத்தைப் பார்ப்பார். கடைசியில் பெடல் ரப்பர்களை விரலால் தடவுவார். மீட்டரைத் திருப்பி வைக்கலாம், புதுசாகப் பெயின்ட் அடிக்கலாம், தேய்ந்த பெடலை மாற்ற வேண்டும் என்று மட்டும் எந்தத் திருடனுக்கும் தோன்றாது என்பது அவர் கட்சி. இருபத்தாறு வருடத்தில் அவர் சரி என்று சொன்ன வண்டி எதுவும் யாரையும் நடுரோட்டில் நிறுத்தியதில்லை.

அப்படிப்பட்டவர் சொந்த மகளுக்குக் கார் தேடப் புறப்பட்டதுதான் வினையாகப் போயிற்று. மகளுக்குப் பதினெட்டு முடிந்து லைசென்ஸ் கைக்கு வந்து நாலு மாதம். அதற்குள் பதினாலு கார் பார்த்தாகிவிட்டது. ஒன்றில் கதவு ரப்பர் சரியில்லை. இன்னொன்றில் ஸ்டீயரிங்கில் மயிரிழை ஆட்டம். அடுத்ததன் நிறம் மழையில் எதிரே வருகிறவன் கண்ணுக்குத் தெரியாதாம். பதினோராவது காரில் ஒரு குறையும் அகப்படவில்லை, விற்றவர் முழியே சரியில்லை என்று திரும்பி வந்துவிட்டார். ஊருக்கெல்லாம் அரை மணியில் தீர்ப்புச் சொல்கிற மனுஷனுக்கு வீட்டு விஷயம் என்றதும் 'சரி' என்ற வார்த்தை வாயில் வரவில்லை. காரணம் வேறொன்றும் இல்லை, பயம். ஆரம்ப காலத்தில் அவர் நொறுங்கிய கார்களைப் பிரித்துப்போடும் பட்டறையில் வேலை பார்த்தவர். சீட்டுக்கு அடியில் சிக்கிக் கிடக்கும் ஒற்றைச் செருப்புகளை நிறையப் பார்த்திருக்கிறார். அதைப் பற்றி வீட்டில் ஒருநாளும் பேசியதில்லை.

திங்கட்கிழமை மகள் ஓர் ஆஸ்பத்திரி லேபில் பயிற்சிக்குச் சேர வேண்டும். முப்பது கிலோமீட்டர். காலை ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டும், அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது.

"திங்கக்கிழமைக்குள்ள கார் வரலன்னா நான் அவ பைக்ல பின்னாடி உக்காந்து போயிடுவேன்" என்றாள் மகள். அவள் என்றது அதே லேபில் சேரப்போகும் தோழியை.

"அந்தப் பொண்ணா? அது பைக் ஓட்டுதா, பறக்குதா?"

"அப்போ வாங்குங்க. உங்களுக்குக் கார் வேணாம்ப்பா. வேணாம்னு சொல்றதுக்கு ஒரு காரணம்தான் வேணும்."

அவர் துணைக்கு மனைவியைப் பார்த்தார். மனைவி எப்போதோ கட்சி மாறியிருந்தாள். "ஏங்க, அவ சொல்றதுல என்ன தப்பு?" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

சனிக்கிழமை மதியம் பதினைந்தாவது காரைப் பார்க்கக் கிளம்பினார்கள். விளம்பரத்தில் 'புதிதாக ஓட்டப் பழகிய பெண் பிள்ளைக்கு மட்டும்' என்று போட்டிருந்தது. மகள் அதைப் படித்துச் சிரித்தாள். அவருக்குள் ஏதோ பட்சி சொன்னது, வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

முட்டுச்சந்தின் கடைசி வீடு. அறுபது வயது மதிக்கத்தக்க ஒல்லியான அம்மா ஒருவர் வந்து கேட்டைத் திறந்தார். டார்ச்சுக்காரரை அவர் கண்டுகொள்ளவே இல்லை. மகளின் முகத்தைப் பார்த்தார், பிறகு பாதங்களை வெகுநேரம் பார்த்தார்.

"அஞ்சடி ரெண்டு அங்குலம் இருப்பியா?"

"ஆமா ஆன்ட்டி. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"சும்மாதான்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா ஷெட்டின் ஷட்டரைத் தூக்கினார்.

உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு சின்னக் கார். பன்னிரண்டு வருடப் பழசு, துடைத்துத் துடைத்துப் பளபளவென்று இருந்தது. ஓட்டுநருக்குப் பக்கத்து சீட்டில் யாரும் இல்லை. ஆனால் சீட் பெல்ட் மட்டும் குறுக்கே இழுத்து ஒழுங்காக மாட்டியிருந்தது.

"ஆளில்லாத சீட்டுக்கு எதுக்கும்மா பெல்ட்?"

"மாட்டலன்னா சத்தம் போடும்" என்றார் அந்த அம்மா.

டார்ச்சுக்காரர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலையை ஆரம்பித்தார். மீட்டர் நானூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர் காட்டியது. பன்னிரண்டு வருடத்துக்கு நானூறா, காது குத்துவதற்கும் ஒரு அளவு இல்லையா என்று நினைத்தபடி பெடலைத் தடவினார். ரப்பரில் வரிகள் அப்படியே இருந்தன. மீட்டர் உண்மையைத்தான் சொன்னது. டயர் நாலும் போன மாதம் மாற்றியது. அடிப்பாகத்தில் துரு இல்லை, எண்ணெய்க் கசிவு இல்லை. ஒரு மணி நேரம் தேடியும் ஒரு நொட்டை அகப்படவில்லை. பூட்டியே கிடந்த காருக்குள் இப்போதுதான் சவரம் செய்துகொண்ட ஒருவரின் சோப்பு வாசம் அடித்தது. வேறு ஆள் யாரும் தென்படாத அந்த வீட்டில் அது எங்கிருந்து வருகிறது என்று அவருக்குப் புரியவில்லை.

மகள் ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். "அப்பா, சீட்டை நகர்த்தவே வேணாம். கண்ணாடியும் சரியா இருக்கு. எனக்குன்னே அளவெடுத்து வெச்ச மாதிரி."

அவர் பேச்சை மாற்றுவதுபோல் பக்கத்து சீட்டின் பெல்ட்டைக் கழற்றி இழுத்துப் பார்த்தார். அந்த நேரம் மகள் தன் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பினாள். டிங், டிங், டிங் என்று சத்தம் வந்தது. டேஷ்போர்டில் பெல்ட் போடாத ஆளின் சிவப்புப் படம் மின்னியது. சீட் காலியாக இருந்தது.

குறை கிடைத்துவிட்டது! டார்ச்சுக்காரருக்கு முகமெல்லாம் பல். "ஆள் உக்காராமயே அடிக்குது, சென்சார் கோளாறு. பழைய வண்டில வர்றதுதான்" என்று குனிந்து சீட்டுக்கு அடியில் கையை விட்டு ஒயரைக் கழற்றினார். அத்தோடு சத்தம் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. கழற்றிய ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு, இது எந்த வழியாக அடிக்கிறது என்று அவர் திகைத்தார்.

அப்போதுதான் டார்ச் வெளிச்சம் அந்த சீட்டுக்கு முன்னால் கால் வைக்கும் இடத்தில் விழுந்தது. கார்ப்பெட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஓட்டை. நைந்து, கிழிந்து, அடியில் இரும்புத் தகடு வழவழவென்று தெரிந்தது. ஓட்டுகிற பக்கம் பிரேக் பெடல் புத்தம் புதுசு. பெடலே இல்லாத பக்கத்தில் யாரோ வருடக்கணக்காக மிதித்திருக்கிறார்கள். அவர் மெல்ல அந்த சீட்டில் உட்கார்ந்து வலது காலை அதில் வைத்துப் பார்த்தார். கச்சிதமாகப் பொருந்தியது. இரவல் காரில் மகளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த நாட்களில் அவர் காலும் இதே இடத்தைத்தான் மிதித்துக்கொண்டிருந்தது. சுட்டுவிட்டதுபோல் வெளியே குதித்தார்.

"இங்க யாரும்மா உக்காந்திருந்தது?"

"எங்க வீட்டுக்காரர்" என்றார் அந்த அம்மா. "எங்க பொண்ணும் இவ உயரம்தான். அவ லைசென்ஸ் எடுத்தப்போ ஒரு வருஷம் கார் தேடினார். எதைப் பாத்தாலும் குறை. கடைசில இதைப் புதுசாவே வாங்கினார். வாங்கினப்புறமும் தனியா விடல. இன்னும் ஒரு மாசம் நான் பக்கத்துல உக்காந்துக்கறேன், இன்னும் ஒரு மாசம்னு பதினோரு மாசம் இழுத்தடிச்சார். இந்தத் தெருவத் தாண்டிப் போனது கம்மி. ஒருநாள் அவளுக்குப் பரீட்சை. இவர் சவரம் பண்ணிக் குளிச்சிட்டு வர லேட்டாச்சு. சாவி இவர் சட்டைப் பையில. அவ ஃப்ரெண்டோட ஸ்கூட்டர்ல ஏறிப் போயிட்டா."

அந்த அம்மா அங்கேயே நிறுத்திக்கொண்டார். மிச்சத்தை டார்ச்சுக்காரர் கேட்கவில்லை.

"அதுக்கப்புறம் தினம் நாலு மணிக்கு, அவ ஓட்டற நேரத்துக்கு, நான் வண்டிய ஸ்டார்ட் பண்ணுவேன். இவர் வந்து இதுல உக்காருவார். போன வருஷம் இதுல உக்காந்தபடியே கண்ண மூடிட்டார். இப்பவும் ஸ்டார்ட் பண்ணினா வந்துடறார். பெல்ட் மாட்டிவிட்டா சும்மா இருப்பார்."

"இதுக்கு முன்னாடி யாரும் கேட்டு வரலையா?"

"நாலு பேர் பொண்ணுங்களோட வந்தாங்க. நாலு அப்பாவும் பக்கத்துல ஏறி உக்காந்துதான் பொண்ண ஓட்ட விட்டாங்க. இறங்கினதும் வேணாம்னுட்டாங்க. என்ன குறைன்னு கேட்டா சொல்லத் தெரியல."

டிங், டிங் என்று கார் அடித்துக்கொண்டே இருந்தது. மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். முகம் வெளுத்திருந்தாலும் இறங்கவில்லை. "சென்சார்னு நீங்கதானே சொன்னீங்க? ஏறுங்கப்பா, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்" என்றாள்.

டார்ச்சுக்காரர் திறந்திருந்த கதவைப் பிடித்தபடி நின்றார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பேய்க்குப் பயந்ததாக யாரும் கேலி செய்யப் போவதில்லை. ஆனால் திங்கட்கிழமை அவள் பைக்கில் ஏறுவாள். ஏறி உட்கார்ந்தால் இன்னும் ஒரு மாசம் என்று தன் வாயும் சொல்லும், அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. நாலு மாதமாகத் தான் தேடியது காரின் குறையை அல்ல என்பது அந்த இடத்தில் அவருக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது.

அவர் குனிந்து காலி சீட்டைப் பார்த்துப் பேசினார். "சார், வண்டில ஒரு குறையும் இல்ல. நல்லாப் பாத்துத்தான் வாங்கியிருக்கீங்க. இவ தனியா ஓட்டட்டும். நீங்க இறங்குங்க. நானும் ஏறல."

டிங், டிங். பிறகு, உட்கார்ந்திருந்தவர் கையூன்றி எழுந்ததுபோல் சீட் மெத்தை மெதுவாக மேலே வந்தது. சத்தம் நின்றது. அந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

டார்ச்சுக்காரர் கதவைச் சாத்தினார். "நீ மட்டும் போயிட்டு வா."

"தனியாவாப்பா?"

"தனியாத்தான்."

கார் ஷெட்டை விட்டு இறங்கி, கேட்டைத் தாண்டி, தெருமுனையில் ஒரு நிமிஷம் தயங்கி, இண்டிகேட்டர் போட்டுத் திரும்பி மறைந்தது. கொஞ்ச நேரம் எஞ்சின் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

"பயமா இருக்கா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"உயிரே போகுதும்மா."

"நில்லுங்க. வந்துடுவா."

அவரும், அந்த அம்மாவும், இறங்கியவரும், மூன்று பேரும் கேட்டருகில் தெருமுனையைப் பார்த்தபடி நின்றார்கள்.