கிணற்றுப் பாறைக்கு வைத்த பொட்டு

அறுபதுகளின் தொடக்கம். ஆத்தூர்ப் பக்கம் எங்கள் தோட்டக் கிணற்றை ஆழப்படுத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு மத்தியானம், வெடி ஏதும் வைக்காமலே அடிப்பாறையிலிருந்து ஒரு சில்லு டப்பென்று தெறித்து, வேலையில் நின்ற மாமாவின் முழங்காலைக் கிழித்தது.

"முனி காவு கேக்குது. ஆடு வெட்டிட்டு இறங்குவோம்" என்றார் மாமா.

கல்லூரியில் நிலவியல் படித்துக்கொண்டிருந்த எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"முனி இல்ல மாமா. பாறையைப் பக்கவாட்டுல பூமி நெருக்குது. மேல கெடந்த பாரத்தை அள்ளிட்டீங்க, அதான் எகிறுது. குறுக்க ஒரு வெட்டுப் போட்டு நெருக்கத்தைத் தளர்த்திட்டு நடுவுல இறங்குங்க."

"கல்லுக்குக் காய்ச்சல் பாக்கப் போறியா தாயி?"

"பாக்கத்தான் போறேன்."

"வயசுப்பிள்ளை இறங்குனா ஊத்து வத்திரும்."

"இப்ப மட்டும் பொங்கி வழியுதாக்கும்!"

தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினேன். பாறையின் ஓரமாக இரண்டு பித்தளைக் குமிழ்களைச் சிமெண்டால் பதித்தேன். குமிழ் உச்சியில் சின்னக் குழி. கல்லூரியில் கெஞ்சி வாங்கிவந்த கருவியின் முனைகள் அதில் உட்கார்ந்தால் இடைவெளியை முள் காட்டும். வெயிலில் பாறை விரியும் என்பதால் விடியற்காலையில் அளந்தேன். பிறகு குமிழ்களுக்கு நடுவே உளியால் ஒரு வெட்டு. நெருக்கம் இருந்தால் குமிழ்கள் கிட்ட வரவேண்டும்.

மறுநாள் விடியலில் போனால், இரண்டு குமிழுக்கும் சந்தனம், குங்குமம், ஆளுக்கொரு அரளிப்பூ! கல்லில் நட்டுக்கொண்டு நிற்கிறதை வேலையாட்கள் சாமியாக்காமல் விடுவார்களா? குழியில் சந்தனம் காய்ந்து, முள் பித்துப் பிடித்தாற்போல ஆடியது.

"பாத்தியா, உன் கல்லு ஒண்ணும் சொல்லல" என்று மேலேயிருந்து மாமா சிரித்தார்.

தாவணி முனையை மண்ணெண்ணெயில் நனைத்துப் பொட்டை அழுத்தித் துடைத்தேன். "ஏ ஆத்தா, சாமி குத்தம்!" என்று யாரோ கத்தினார்கள். கத்தட்டும். மறுபடி அளந்தேன். குமிழ்கள் கிட்ட வந்திருந்தன.

"எம்புட்டு?" என்றார் மாமா.

"மயிரிழை."

"மயிரிழைக்கா இம்புட்டு ஆர்ப்பாட்டம்?"

"அந்த மயிரிழைதான் உங்க காலைக் கிழிச்சது. இந்த வெட்டைக் குறுக்க முழுசும் இழுங்க. அதுவரைக்கும் நடுப்பாறையில யாரும் கடப்பாரை போட முடியாது." கிணற்றுப் படியை மறித்து உட்கார்ந்துவிட்டேன்.

மாமா முழங்காலைத் தடவினார். வேலையாட்கள் பக்கம் திரும்பி, "உளியை எடுங்கடா" என்றார்.

வெட்டு இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் ஓடி முடிந்த பிறகு அவரே நடுவில் இறங்கினார். ஒரு சில்லும் எழவில்லை. ஆட்டையும் வெட்டினார்கள்.

பாறை அடங்கினது எதனால் என்று மாமா கடைசிவரை வாய் திறக்கவில்லை. பொட்டை அழித்ததற்கு நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. கறிச்சோறு மட்டும் இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.