ஒரு நிமிசம் பேசாதிய

என் வீட்டுக்காரர் இறந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. துட்டிக்கு வந்தவர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். நான் அவர்கள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். அவர் இறந்துவிட்டார் என்று என் வாயால் ஒருவரிடமும் சொன்னதில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் மகன்தான் சொன்னான்.

மகன் சென்னைக்குத் திரும்பும்போது அவருடைய போனை என்னிடம் விட்டுப்போனான். நான் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். நீளமாக இருந்தால் விட்டுவிடுவேன். அதனால் போனில் மைக் படத்தை அமுக்கி, "குத்தாலத்துல தண்ணி விழுதா?" என்று கேட்டேன். அவர் தினமும் கேட்கிற கேள்வி அது.

ஒரு ஆள் பேசிவைத்திருந்தது ஓடியது. குற்றாலத்தில் லாட்ஜ் நடத்துகிறவர். எந்த அருவியில் எவ்வளவு தண்ணீர், எந்த ரூம்காரர் எதற்குச் சண்டை போட்டார், எல்லாம் சொன்னார். அவர் சொல்லித்தான் ஆலங்குளத்துத் தையல்காரி ஒருத்தியையும் கேட்டேன். மெஷினை மிதித்துக்கொண்டே பேசுவாள். நூல் அறுந்தால் ஒரு வசவு, அதையும் பதிவிலிருந்து வெட்டமாட்டாள். இதற்குப் பாட்காஸ்ட் என்று பெயராம். இவர்கள் ரேடியோக்காரர்கள் இல்லை. யாரையும் கேட்காமல் தாங்களாகவே பேசினார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

மாதத்தில் ஒரு ஞாயிறு இப்படிப் பேசுகிறவர்கள் லாட்ஜில் கூடுகிறோம், கேட்கிறவர்களும் வரலாம் என்று லாட்ஜ்காரர் ஒருநாள் பேச்சில் சொன்னார். தென்காசியில் நானே பஸ் ஏறிப் போனேன். துணைக்கு யாரையும் கூப்பிடவில்லை.

சீசன் முடிந்திருந்தது. கீழ் ரூமில் அந்தத் தையல்காரியோடு ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ரோட்டுச் சத்தம் வராமலிருக்க ஜன்னலில் மெத்தையைச் சாத்தியிருந்தார்கள். லாட்ஜ்காரர் ஃபேனை நிறுத்தி, போனில் மாட்டிய மைக்கைக் கையில் எடுத்தார்.

"ஒரு நிமிசம் ஒருத்தரும் பேசாதிய."

நான் எழுந்து தலையைக் குனிந்து நின்றேன். என்னைப் பார்த்துத் தையல்காரி எழுந்தாள். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும். நாற்காலிகள் கறகறவென்றன. லாட்ஜ்காரரும் மைக்கைப் பிடித்தபடியே நின்றார்.

நிமிடம் முடிந்ததும் தையல்காரி மெதுவாகக் கேட்டாள். "யாருக்கு ஆச்சி?"

"அவியதான பேசாம இருக்கச் சொன்னாவ."

"அது ரூம் சத்தத்தப் பிடிக்கதுக்கு ஆச்சி. பேச்சுல இருந்து அந்த இரைச்சல எடுக்கணும்லா. லாட்ஜ் அண்ணாச்சி வாய மூடுத நிமிசமும் எங்களுக்கு அது ஒண்ணுதான்."

"அப்பம் நீங்க எதுக்கு எந்திச்சிய?"

"நீங்க நின்னிய. நாங்க உக்காந்துட்டா இருக்க முடியும்? அதான் கேக்கேன், யாருக்கு?"

பக்கத்தில் மகன் இல்லை.

"எங்க வீட்டுக்காரவுகளுக்கு. ஆவணியில எறந்துட்டாவ," என்றேன்.

பஸ் போகும் நேரத்தைச் சொல்வதுபோலத்தான் வந்தது. அப்போதும் அழுகை வரவில்லை. யாரும் என்னைக் கட்டிப்பிடிக்கவும் இல்லை.

லாட்ஜ்காரர் தன் போனைப் பார்த்தார். "நாற்காலிச் சத்தம் விழுந்துட்டு. இன்னொண்ணு எடுக்கணும்," என்றார். பிறகு, "இதையும் அழிக்கல ஆச்சி, வச்சுக்கிடுதேன்."

உட்கார்ந்தோம். இந்தத் தடவை ரூமுக்காகப் பேசாமல் இருந்தோம். பாதியில் மெத்தையைத் தாண்டி ஒரு பஸ் ஹாரன் கேட்டது. லாட்ஜ்காரர் விரலைச் சுழற்றி, மறுபடியும் என்றார்.

மறுபடியும் பேசாமல் இருந்தேன். அது எனக்கு வரும்.