மூன்று ஆண்டு உட்கார்ந்து எழுந்தவர்: ஜெர்சி சிட்டியில் ஒரு கண்காட்சி

மார்ச் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை நான் பிஸ்கட்டவேயிலிருந்து ஜெர்சி சிட்டிக்குப் போனதற்குக் காரணங்கள் இரண்டு. நான் வேலை பார்க்கும் மருத்துவமனையில் செவிலியாக இருக்கும் ரோசா, பிலிப்பைன்ஸ் நாடாளுமன்றத்துக்குப் போன பெண்களைப் பற்றிய புகைப்படக் கண்காட்சிக்குக் கூப்பிட்டிருந்தாள். இரண்டாவது, வீட்டில் இருந்தால் ஒரு கையெழுத்துப் போட வேண்டியிருக்கும்.

என் கணவர் முரளி எங்கள் வட்டாரத் தமிழ்ச் சங்கத்தின் தலைவர். விதிப்படி ஒருவர் தொடர்ந்து இரண்டு முறைதான் தலைவராக இருக்கலாம். நடுவில் வேறு யாராவது ஒரு முறை இருந்துவிட்டால் மறுபடி வரலாம். அந்த ‘வேறு யாராவது’ நான்தான் என்று முடிவாகியிருந்தது. போட்டிக்கு ஆள் இல்லை. ஞாயிறு மாலை ஐந்து மணிக்குள் வேட்புமனு கொடுக்க வேண்டும். செயல்திட்டம் என்ற கட்டத்தில் ‘முந்தைய தலைவரின் பணிகளைத் தொடர்தல்’ என்று முந்தைய தலைவரே எழுதி வைத்திருந்தார்.

எனக்கும் ஒரு செயல்திட்டம் உண்டு. கணவரின் விசாவில் வந்து, வீட்டில் அடி வாங்கினாலும் யாரிடம் சொல்வதென்று தெரியாத பெண்களுக்கு, தமிழில் பேச ஒரு தொலைபேசி எண். மூன்று ஆண்டுகளாகக் கேட்கிறேன். ‘நேரமிருந்தால் பேசலாம்’ என்று கூட்டக் குறிப்பில் ஏறும். நேரம் பொங்கல் விழா ஒலிபெருக்கிக்குப் போய்விடும்.

எடிசன் ரயில் நிலையம் வீட்டிலிருந்து ஐந்து மைல். 9:10க்குக் கிளம்பினோம். முரளி ஓட்டினார்.

“ரெண்டே வருஷம், விஜி. மீட்டிங் எல்லாம் நான் அட்டென்ட் பண்ணிக்கிறேன். நீ சைன் மட்டும் பண்ணு.”

“அப்ப நான் எதுக்கு?”

“குத்துவிளக்கு யார் ஏத்தறது? போட்டோல நீதான் நல்லா இருப்ப.”

“ஹெல்ப்லைன்?”

“அதெல்லாம் ஃபேமிலி மேட்டர்டி. நாம உள்ள போனா சங்கமே ரெண்டாயிடும். நான் திரும்பி வந்ததும் பாக்கலாம்.”

9:34 ரயில் நெவார்க்கை அடைந்தபோது 10:10. அங்கே இறங்கி நியூயார்க் போகும் பாத் ரயிலுக்கு மாற வேண்டும். கட்டணம் மூன்று டாலர். ஜர்னல் ஸ்குவேரில் 10:32க்கு இறங்கினேன். பத்து நிமிட நடையில் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளம். அனுமதி இலவசம்.

முதல் பலகையில் 1937ஆம் ஆண்டு. பெண்களுக்கு ஓட்டுரிமை வேண்டுமா என்று அங்கே பெண்களிடமே வாக்கெடுப்பு நடத்தினார்கள். மூன்று லட்சம் பேராவது வேண்டும் என்று சொன்னால்தான் தருவோம் என்பது நிபந்தனை. ஆண்களிடம் அப்படி எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. பெண்கள் வரிசையில் நின்று நாலரை லட்சத்தை நெருங்கும் அளவுக்கு வேண்டும் என்றார்கள். 1941இல் முதல் பெண் கீழவைக்குத் தேர்வானார். 1947இல் முதல் பெண் மேலவைக்கு. கறுப்பு வெள்ளைப் படங்களில் எவரும் சிரிக்கவில்லை. வேலைக்கு வந்தவர்களின் முகங்கள்.

கடைசிச் சுவர் வண்ணப் படங்கள். அங்கே கீழவை உறுப்பினர் தொடர்ந்து மூன்று முறைதான், அதாவது ஒன்பது ஆண்டுகள்தான், இருக்கலாம். பிறகு அந்த இடத்தில் மனைவியோ மகளோ நிற்பது வழக்கம். ஒரு தவணை கழிந்ததும் பழைய உறுப்பினரே திரும்பி வருவார்.

“உங்க ஊர்லயும் இது உண்டா?” என்று ரோசா கேட்டாள்.

“பஞ்சாயத்துத் தலைவி வீட்டில் இருப்பாள். தலைவியின் கணவர் நாற்காலியில் இருப்பார். எங்கள் ஆண்கள் ஒரு தவணை காத்திருப்பதுகூட இல்லை” என்றேன்.

அந்தச் சுவர்ப் படங்களில் ஒன்றுக்குக் கீழே, படத்தில் இருந்தவரே உட்கார்ந்திருந்தார். ரோசாவின் அத்தை கார்மென், எழுபத்தெட்டு வயது. இப்போது மகளோடு இதே ஊரில் இருக்கிறார். கணவரின் இடத்தில் மூன்றாண்டு உறுப்பினராக இருந்தவர். மலைக் கிராமங்களில் பிரசவ நிலையங்கள் வேண்டும் என்று ஒரு மசோதா கொண்டுவந்திருக்கிறார். அது குழுவைத் தாண்டுவதற்குள் தவணை முடிந்தது. இடத்தைக் கணவரிடம் கொடுத்தார்.

“அவர் அதைத் தொடரவில்லையா?” என்று கேட்டேன்.

“கெட்டவர் இல்லை. மறதிக்காரர்.”

“தன் பிறந்தநாள் விழாவை மட்டும் மாமா மறந்ததே இல்லை” என்றாள் ரோசா. அத்தை சிரித்தார். பிறகு அந்தக் கிராமங்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். பதினொன்று. எதையும் யோசித்துச் சொல்லவில்லை.

என் கதையைச் சொன்னேன். “எத்தனை வருடம்?” என்றார்.

“இரண்டு.”

“என்னைவிடக் குறைவு. முதல் வாரமே தொடங்கிவிடு. நான் முதல் ஒரு வருடம் பாதுகாப்பாக உட்கார்ந்திருந்தேன்.”

மறுநாள் செயல்திட்டக் கட்டத்தை அடித்துவிட்டு என்னுடையதை எழுதிக் கையெழுத்திட்டேன். முரளி படித்தார்.

“இது கமிட்டில ஒத்துக்க மாட்டாங்க, விஜி.”

“தலைவர் சொன்னா ஒத்துக்குவாங்கன்னு நீங்கதான சொல்லுவீங்க.”

“சரி, ரெண்டு வருஷம் கழிச்சு?”

“நீங்களும் நில்லுங்க. நானும் நிப்பேன்.”

அன்று தானே தோசை வார்த்துத் தனியாகச் சாப்பிட்டார். நான் தலைவியாகி ஹெல்ப்லைனை அறிவித்ததும் இரண்டு குடும்பங்கள் சங்கத்தைவிட்டு விலகின. அவர் சொன்னது அந்த அளவுக்குச் சரி.

கண்காட்சி இன்னும் நடக்கிறது. போக நினைப்பவர்களுக்கு: சனிக்கிழமைகளில் பாத் ரயில் குறைவு, அட்டவணை பார்த்துக் கிளம்புங்கள். பக்கத்தில் பிலிப்பினோ உணவகங்கள் உண்டு. பதினான்கு டாலருக்கு வயிறு நிறையும். சைவர்கள் மீன் சாறு இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள், பெரும்பாலும் இருக்கும். கடைசிச் சுவருக்கு ஒரு மணி நேரம் மிச்சம் வையுங்கள்.

எங்கள் எண் ஜூனில் வேலை செய்யத் தொடங்கியது. முதல் வாரம் யாரும் கூப்பிடவில்லை. இரண்டாம் வாரம் ஒரு பெண் கூப்பிட்டு, நாற்பது விநாடி ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டாள். மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடி கூப்பிட்டாள். அப்போது தன் பெயரைச் சொன்னாள்.