இடது கைக்காக ஒரு தாளம்

வெர்னெல் கேட்ஸ்டன் காலையிலும் மாலையிலும் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். மற்ற நேரத்தில் பாட்டுகளுக்குத் தாளம் செய்தாள். பிராங்ஸ் பகுதியில் எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடியில், அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையை, ஒலித்துணுக்குகளைப் பதிந்து கோக்கும் சாம்ப்ளர் இயந்திரம் பிடித்துக்கொண்டிருந்ததால், அவள் நின்றபடியேதான் சாப்பிடுவாள்.

பழைய இசைத்தட்டில் டிரம்ஸ் மட்டும் தனியாக ஒலிக்கும் துணுக்கைப் பிடித்து அதில் ஏற்றுவாள். இயந்திரத்தின் நினைவில் இடம் குறைவு. அதனால் தட்டை வேகமாகச் சுழலவிட்டுப் பதிந்து, பிறகு உள்ளே வேகத்தைக் குறைப்பாள். ஒலி சொரசொரத்துப் போகும். அவளுக்கு அதுதான் வேண்டும். தட்டுகளைத் துடைக்கவும் மாட்டாள். "சோப்பு போட்டுக் குளிச்ச டிரம்ஸ் எனக்கு எதுக்கு?" என்பாள்.

எங்கள் கயிற்றாட்டக் குழுவில் நான் ஒரு முனையில் கயிறு சுற்றுகிறவள். எதிரெதிராகச் சுழலும் இரண்டு கயிறுகளுக்கு நடுவே டவானா குதிப்பாள். தலைவியும் அவள்தான். சனிக்கிழமை பூங்காவில் போட்டி. டவானா கேட்டதால் வெர்னெல் ஒரு தாளம் செய்து கேசட்டில் தந்தாள். நடைபாதையில் அதைப் போட்டுப் பார்த்தோம். டவானா கயிற்றில் தடுக்கினாள். மறுபடியும் தடுக்கினாள்.

"ஐரா, உன் இடது கை தூங்குதா?"

டவானா கயிற்றைத் தாண்டி என் பக்கம் வந்தாள்.

"சனிக்கிழமை என் சித்தி பொண்ணு சுத்தட்டும். நீ எங்க மேல்கோட்டுங்களைப் பாத்துக்கோ."

வீட்டில் ஸ்பானிஷ், பள்ளியில் ஆங்கிலம். இரண்டில் ஒன்றுகூட அப்போது என் வாயில் வரவில்லை.

ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த வெர்னெல் இறங்கி வந்தாள். "கொடு, நான் சுத்திப் பாக்கறேன்."

கயிறுகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன. எல்லோரும் சிரித்தார்கள்.

"மிஸ் வெர்னெல், ரெண்டு கையும் ஒரே பக்கம் போகுதே. பஸ்ஸை எப்படி ஓட்டறீங்க?" என்று கேட்டாள் டவானா.

"பஸ்ஸுக்கு ஒரே ஸ்டியரிங்தான் கண்ணு. பாட்டை நிறுத்திட்டு நீங்க ஆடுங்க."

நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து கண்களை மூடிக்கொண்டாள். நான் சுற்றினேன். கயிறுகள் தரையில் அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. டவானாவின் காலில் கயிறு ஒருமுறைகூடத் தடுக்கவில்லை.

"தப்பு இவ கையில இல்லை, என் மெஷின்ல," என்றாள் வெர்னெல். "நான் முன்னே பின்னே தட்டறதை எல்லாம் அது இழுத்துட்டுப் போய் தாளக் கணக்குல நேரா நிறுத்திடும். அவசரத்துல அப்படியே விட்டுட்டேன். இவ இடது கை கொஞ்சம் பிந்தித்தான் வருது. எப்பவும் அதே அளவுதான் பிந்தி வருது. அதுலதான்டி நீ இத்தனை நாளா குதிக்கறே."

"அப்ப இவளைச் சரியா சுத்தச் சொல்லுங்க."

"நாலு நாள்ல கையை மாத்த முடியுமா? தாளத்தை மாத்தறேன். ஐரா, மேல வா."

மேலே போனதும் கயிறு தரையில் விழும் கணக்கில் மேசை விளிம்பில் என்னைத் தட்டச் சொன்னாள். இயந்திரத்தின் திருத்தத்தை அணைத்துவிட்டு, விரலாலேயே பொத்தான்களை அடித்தாள். பெரிய டிரம் கணக்குப்படி நேராக விழுந்தது. ஸ்நேர் என்ற சின்ன டிரம்மின் அடி மட்டும் சற்றுப் பிந்தி வந்தது.

"சரியா இருக்கா?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லும் வரை காத்திருந்தாள். அந்த வயதில் எனக்காக யாரும் அப்படிக் காத்திருந்ததில்லை.

"இன்னும் கொஞ்சம் லேட்டா," என்றேன்.

அழித்துவிட்டு மறுபடி அடித்தாள்.

சனிக்கிழமை மேல்கோட்டுகளைச் சுமந்தவள் டவானாவின் சித்தி மகள். கயிறு என் கையில் இருந்தது. தாளம் தொடங்கியதும் டவானா உள்ளே குதித்தாள். முடியும்வரை கயிறு காலில் தடுக்கவே இல்லை. இரண்டாம் பரிசு கிடைத்தது. வெளியே வந்த டவானா மூச்சு வாங்க, என்னைப் பார்க்காமல், "திங்கக்கிழமை சீக்கிரம் வா," என்றாள்.

அதே தாளத்தை அக்கம்பக்கத்து ராப் பாடகன் ஒருவன் வெர்னெலிடம் கேட்டான். ஸ்நேரை நேராக்கித் தரச் சொன்னான். அவள் நேராக்காமலே கொடுத்தாள். அந்தக் கோடை முழுவதும் நின்றிருந்த கார்களிலிருந்தெல்லாம் அவன் பாட்டோடு அது ஒலித்தது. படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் என் இடது கைக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.