என் உயிருக்கு நேர்ந்த கிடா

முதலில் வலித்தது தாடை. பல்வலி என்று கிராம்பை அடக்கிக்கொண்டு, தாராவியில் நாங்கள் நடத்தும் மெஸ்ஸில் மட்டன் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தேன். வியர்த்து ஊற்றியது. அடுப்படியில் வியர்க்காமல் என்ன செய்யும்! நீங்களும் அப்படி இருந்துவிடாதீர்கள், தாய்மாரே. பெண்களுக்கு மாரடைப்பு இப்படியும் வரும்.

ஆஸ்பத்திரியில் எடுத்த ஆஞ்சியோகிராமில் (இதய ரத்தக்குழாயைப் படமெடுத்துப் பார்ப்பது) அடைப்பு தெரிந்தது. ஸ்டென்ட் (குழாயை விரித்துப் பிடிக்கும் சிறு கம்பிவலை) வைத்தார்கள்.

டாக்டர் மாட்டுங்காவில் வளர்ந்த தமிழ்ப் பெண். "மாத்திரையை விடக்கூடாதும்மா. கொழுப்புக் கறியை விட்டுடுங்கோ."

"மெஸ்ஸுல மிஞ்சுறத நாந்தான திங்கணும் டாக்டர்?"

"உங்க வயிறு என்ன, மெஸ்ஸோட குப்பைத்தொட்டியா?"

சுருக்கென்றது. அன்றே கறியை முழுதாக விட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதெல்லாம் எனக்கு வராது. பயறு, கீரை, கேப்பைக்களி போதும்.

சிக்கல் வீட்டில் காத்திருந்தது. நான் ஐ.சி.யூ.வில் கிடந்தபோது என் வீட்டுக்காரர், "இவ பொழச்சு வந்தா கிடா வெட்டுதேன்" என்று சுடலைமாடனுக்கு நேர்ந்துவிட்டார். யார் உயிருக்காக நேர்ந்துகொண்டார்களோ அவர்தான் முதல் வாய் தின்ன வேண்டும். அது எங்கள் குடும்ப வழக்கம்.

தாராவியிலேயே இருக்கும் மாடன் கோயிலின் கொடைத் திருவிழாவுக்கு ஊரிலிருந்து என் தம்பி முருகன் வந்தான். கறிக்கோழிப் பண்ணைக்காரன்.

"ஏ அக்கா, கறி கெடுதல்னா அரசாங்கம் எதுக்கு எங் கொட்டகைக்கு மானியம் குடுக்கு?"

எனக்கு வந்ததே ஆத்திரம்! "மானியம் ஒங் கொட்டகைக்கு வந்துச்சு. எந் நெஞ்சுக்கு எவம்ல குடுத்தான்? நம்ம சந்துல கீரை விக்காளே செல்வி, அவளுக்கு மானியம் வேண்டாம், முனிசிபாலிட்டிக்காரனுவ கூடையப் புடுங்காமயாவது இருக்கானுவளா?"

தட்டில் விழுவதெல்லாம் நம் ஆசைப்படி விழுவது என்று நம்பாதீர்கள். எது மலிவாக வர வேண்டும் என்று வேறு யாரோ முடிவு செய்கிறார்கள்.

கிடாவை வெட்டினார்கள். தடுக்க முடியவில்லையே என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது. இலையில் கறியை வைத்து வீட்டுக்காரர் கெஞ்சினார். "ஒரு வாய் தின்னுரு. சாமி குத்தம் ஆயிரும்."

கூட்டமே பார்த்தது. இலையைத் தள்ளிவிட்டு, அருள் வந்து ஆடிக்கொண்டிருந்த சாமியாடி முன்னால் போய் நின்றேன்.

"கிடாவ நீ வாங்கிக்கிட்ட. இந்த நெஞ்ச நீதான் திருப்பிக் குடுத்த. திரும்பவும் அதக் கெடுக்க மாட்டேன்யா!"

அவர் என் நெற்றி நிறையத் திருநீற்றை அப்பினார்.

மெஸ்ஸில் மட்டன் இன்னும் உண்டு. பக்கத்தில் பயறுக்குழம்பும் கொதிக்கிறது. மிஞ்சிய கறி என் வயிற்றுக்கு வருவதில்லை.

முன்பு என் நேரமெல்லாம் அடுப்புக்குச் சொந்தம். இப்போது மெஸ் மாடிக்கு ஏறும் ஏணியில் பாதியிலேயே நின்று மூச்சு வாங்கிக்கொள்கிறேன். "ஏட்டி, கொழம்பு கொதிக்கு!" என்று கீழிருந்து அவர் கத்துவார். கொதிக்கட்டும். நெஞ்சு அடிப்பது எனக்குக் கேட்கிறது. அது ஆறிய பிறகுதான் அடுத்த படி.