விதைக்கு எடுக்காத பருத்தி

போன மாசியில் கோவில்பட்டியில் நான் குச்சி அடுக்கும் தீப்பெட்டி ஆபீசில் பெண்களுக்குப் பரிசோதனை முகாம் போட்டார்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கானது. மற்றவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு சுவரோரம் நிற்க, நான் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன். எனக்கு நாற்பத்தாறு வயது. இருபத்தேழு வருஷமாக அந்த நோய் எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருந்தவள் நான்.

அம்மா அதில்தான் செத்தாள். அப்போது எனக்குப் பத்தொன்பது. அதற்குப் பிறகு எங்கள் ஊர் இடைசெவலுக்கு என்னைப் பெண் பார்க்க வந்தவர்களெல்லாம் காப்பியைக் குடித்துவிட்டு, அம்மாவுக்கு என்ன சீக்கு என்றுதான் விசாரித்தார்கள். ஒருவர் அப்பாவிடம் நேராகவே கேட்டார்.

"நோவு கண்ட செடியில வெதைக்குப் பருத்தி எடுப்போமா அண்ணாச்சி? நீங்களே சொல்லுங்க."

அப்பாவும் பருத்தி போடும் சம்சாரிதான். தலையைக் குனிந்துகொண்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி என்றுதான் நானும் நம்பினேன்.

அப்படி வந்தவர்களில், கயத்தாற்றில் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டும் கடை வைத்திருந்தவர் மட்டும் இரண்டாம் தடவையும் வந்தார். பஸ் ஸ்டாப்பில் வைத்து என்னிடமே பேசினார்.

"வந்தா வரட்டும். பாத்துக்கிடுவோம்."

"பொம்பளப் புள்ள பெறந்து, அதுக்கும் வந்தா?"

அவர் அடுத்து வந்த கயத்தாறு பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். ஒரு ஆம்பளையின் வாயை அடைத்துவிட்டோம் என்று எனக்குப் பெருமைகூட. அடுத்த தையில் அவருக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. அப்பாவும் போன பிறகு வீட்டில் நான் மட்டும்தான். பேச்சுச் சத்தம் வேண்டுமே என்று டிவியை ஓட விட்டிருப்பேன்.

முகாமுக்கு வந்த டாக்டர் சின்னப் பெண். கல்யாணம் ஆகவில்லை என்றதும் பேனாவைக் கீழே வைத்து, "அப்போ ஒங்களுக்கு இது தேவைப்படாதுக்கா" என்றாள். "அம்மாவுக்கு இருந்துச்சு, எனக்கும் வரும்லா?" என்றேன்.

"அது வைரஸால வருததுக்கா. ஆம்பளையும் பொம்பளையும் சேரும்போது தொத்தும். அதுல எத்தனையோ வகை. பெரும்பாலும் தானா வந்து தானாப் போயிரும். பொல்லாத வகை சிலதுதான் போகாம வருசக்கணக்கா ஒக்காந்து புத்தாகும். ஒரே வகைக்குள்ளயும் ஜீன் கொஞ்சம் மாறி, ஒண்ணு சாதுவா இருக்கும், ஒண்ணு முரடா இருக்கும்."

"அப்போ வம்சத்துல வராதா?"

"நீங்க சொல்லுத வம்சம் அந்தக் கிருமிக்குத்தான்க்கா. அம்மாவுக்கு இருந்ததுனாலயே மகளுக்கு வந்துராது. பொம்பளப் புள்ளைகளுக்கு இப்பம் தடுப்பூசியே வந்துட்டு. நல்ல சேதி சொல்லுதேன், ஏன் மொகம் இப்படிப் போவுது?"

சாயங்காலம் கோவில்பட்டியில் கயத்தாறு பஸ் ஏறினேன். அன்றைக்குப் பஸ் ஸ்டாப்பில் நான் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் ஆள் இல்லை. மற்றவர்கள் என்னை வேண்டாம் என்றார்கள். வேண்டும் என்று வந்த ஒருவரை நான்தான் திருப்பி அனுப்பினேன்.

பஸ் இடைசெவலில் நின்றது. கண்டக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எறங்கலியாக்கா?"

இறங்கினேன். பஸ் கயத்தாற்றுக்குப் போனது.